உடைஞ்ச ஓட்டுக்கு வயசு சொன்ன வீலர்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வளர்ந்த நமக்கு ஹார்பர் புதுசில்லை. நம் பழைய மாணவர்களில் டாலி கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர்களைக் கேளுங்கள். பெட்டியைப் பிரிக்காமலே, மேலே உள்ள மார்க்கை வைத்து யார் சரக்கு, எந்த ஊர்ச் சரக்குன்னு சொல்லிடுவாங்க. அதே வேலையை இரண்டாயிரம் வருஷத்துச் சரக்குக்குச் செய்தவர் மார்ட்டிமர் வீலர்.

1890-ல் கிளாஸ்கோவில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிடி காலேஜில் படிப்பு, முதல் உலகப் போரில் பீரங்கிப் படை, பிறகு லண்டன் மியூசியம். மனைவி டெஸ்ஸாவும் தொல்லியல் அறிஞர்தான். லண்டனில் தொல்லியலுக்கென்று தனிக் கல்விக்கூடம் வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே பாடுபட்டார்கள். 1937-ல் அது திறந்தபோது டெஸ்ஸா இல்லை. முந்தின வருஷமே காலமாகிவிட்டார். இரண்டாம் போரில் மறுபடி பட்டாளம். அங்கிருந்து 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் டைரக்டர் ஜெனரலாக வந்து சேர்ந்தார்.

அதே வருஷம் எழும்பூர் மியூசியத்துக்கு வந்தவரின் கண்ணில் ஒரு மண்ஜாடித் துண்டு பட்டது. ரோமானியர் ஒயின் ஊற்றி அனுப்பும் ஜாடி அது! எங்கே கிடைத்தது என்று விசாரித்தால், பாண்டிச்சேரி பக்கத்து அரிக்கமேடு. உடனே கிளம்பிவிட்டார். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்து வைத்திருந்த குவியலில் சிவப்பாய்ப் பளபளக்கும் சில்லுகள். இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊர்ச் சரக்கு என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

நம்ம ஊர்ப் பானையில் குயவர் பேர் போடும் வழக்கம் இல்லை. அரெஸ்ஸோ பட்டறைக்காரர்களோ கிண்ணத்தின் உள்ளடியில் முத்திரை அடிப்பார்கள். 1945-ல் வீலர் தோண்டியபோது விபி, கமுரி, இட்டா என்ற முத்திரைகள் கிடைத்தன. அந்தச் சரக்கு கி.பி. 50 வாக்கில் நின்றுபோனது. அப்படியானால் அதே மண்ணடுக்கில் கிடந்த நம் பானைக்கும், பிராமி எழுத்து கீறிய ஓட்டுக்கும் ஏறக்குறைய அதே வயசு. தென்னிந்தியப் பானைகளுக்கு வயசு கணக்கிட அதுவரை உருப்படியான பிடிமானமே கிடையாது.

ரோமானியக் கண்ணாடிக் கிண்ணச் சில்லுகளும் அகப்பட்டன. கண்ணாடியில் பெரும்பாலும் பேர் இருக்காது, செய்முறைதான் சாட்சி. குழலில் ஊதிக் கண்ணாடி செய்யும் வித்தை கி.மு. முதல் நூற்றாண்டில், சிரியா - பாலஸ்தீனப் பக்கம் தோன்றியது. ஊதிச் செய்த சில்லு என்றால் அதற்கு முந்தினதாக இருக்க முடியாது. அச்சில் வார்த்ததென்றால் கணக்கே வேறே!

1948-ல் பதவி முடிந்து ஊர் திரும்பினார். 1952 முதல் பி.பி.சி. டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சி: மியூசியப் பொருளைக் கையில் கொடுத்து, என்ன, எந்த ஊர், எந்தக் காலம்னு கேட்பாங்க. பெரிய மீசையும் துடுக்குப் பேச்சுமாக வீலர் அதில் வெளுத்து வாங்கினார். 1954-ல் அந்த வருஷத்து டெலிவிஷன் பிரமுகர் என்ற பட்டமே கிடைத்தது. 1976-ல் மறைந்தார்.

ஒரு விஷயத்தில் மனுஷன் சறுக்கினார். அரிக்கமேடு ரோமானிய வியாபாரத்தால் தலையெடுத்த இடம் என்று நினைத்தார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நம் மெட்ராஸ் யூனிவர்சிடியின் கே.வி. ராமனும் மறுபடி தோண்டினார்கள். அரெஸ்ஸோ கிண்ணம் கரையேறுவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே அங்கே ஜனங்கள் குடியிருந்தது தெரியவந்தது.