வெற்றிலைப் பெட்டி ஏந்திய கை

இடைக்கால ஐரோப்பாவில் 'நைட்' எனும் குதிரைவீரராக உயர விரும்பிய இளைஞர், அதற்குமுன் ஒரு வீரரின் கேடயம் சுமந்து பணிசெய்வார். நம் மண்ணில் சின்ன மருது, சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரின் வெற்றிலைப் பெட்டி ஏந்தும் அடைப்பக்காரராக இருந்தார். மன்னர் அருகிலேயே நிற்கும் அப்பணி, நம்பிக்கைக்குரியவருக்கே கிடைக்கும்.

1772-இல் காளையார்கோவில் போரில் மன்னர் கொல்லப்பட்டார். எசமானர் இல்லை, ஆனால் பணி முடியவில்லை. மருது சகோதரர்கள் அரசி வேலுநாச்சியாரை நம் திண்டுக்கல் சீமையிலுள்ள விருப்பாட்சிக்கு அழைத்து வந்து காத்தனர். 1780-இல் சிவகங்கையை மீட்டனர். ஆட்சிப்பொறுப்பு கைக்கு வந்தபின் சருகணி ஆலயத்துக்கும் மானியம் வழங்கினர். 1801 அக்டோபர் 24-இல் திருப்புத்தூரில் ஆங்கிலேயர் அவர்களைத் தூக்கிலிட்டனர்.

பார்க்கத் தலைவர் இல்லாதபோதும் தொடர்வதே உண்மையான பணி. நம் கையில் தரப்பட்ட சிறு பொறுப்பை எப்படி ஏந்துகிறோம்? சிந்திப்போம்.