பதவியை மறுத்த நகரத் தலைவர்: சர் பிட்டி தியாகராயர்

ஆட்சி முறைகளை நூல்வழிக் கற்கும் நாம், அம்முறைகளை நடத்திய மாந்தரையும் அறிதல் வேண்டும். அத்தகையார் ஒருவரைக் காண நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. வண்ணாரப்பேட்டை, இராயபுரம் முதலிய வடசென்னைப் பகுதிகளில் நன்கறியப்பட்ட பெயரே தியாகராயர் என்பது.

இவர் 1852-ஆம் ஆண்டு தேவாங்கர் குலத்துச் செல்வக் குடியொன்றில் தோன்றினார். இவர் சிறுவராயிருந்த 1856-இலேதான் தென்னாட்டின் முதற் புகைவண்டி இராயபுரத்தினின்று புறப்பட்டது. 1876-இல் மாநிலக் கல்லூரியிற் பட்டம் பெற்றும் அரசாங்க உத்தியோகத்தை நாடாது நெசவுத் தொழிலை நடத்தினார். 1909-இல் தோன்றிய தென்னிந்திய வர்த்தகச் சங்கத்தின் முதற்றலைவரும் இவரே.

எனினும் இவரது வாழ்வின் பெரும்பகுதி நகர பரிபாலன சபைக்கே உரியதாயிற்று. 1688-இல் நிறுவப்பெற்ற சென்னை நகர சபையில் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் உறுப்பினராயிருந்தார். நெடுங்காலம் உத்தியோகஸ்தரே வீற்றிருந்த தலைமைப் பீடத்தில், தேர்ந்தெடுக்கப்பெற்ற முதற் பொதுமகனாக அமர்ந்து, 1922 வரை அதனை வகித்தார். 1920-இல் ஆயிரம்விளக்கு நகரசபைப் பள்ளிப் பிள்ளைகட்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில், நண்பகல் உணவளிக்கச் சபை தீர்மானித்தது இவர் தலைமையிலேயாம். பசித்த வயிற்றோடு கல்வி பயிலுதல் அரிது என்பதைச் சபை உணர்ந்தது.

1916-இல் டாக்டர் நாயர், டாக்டர் நடேச முதலியார் ஆகியோருடன் கூடி நீதிக்கட்சி எனப்பட்ட தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரட்டையாட்சி வந்தது. கல்வி, சுகாதாரம், ஸ்தல சுயாட்சி ஆகியவை சட்டசபைக்குப் பொறுப்பான மந்திரிகள் வசமும், நிதி, காவல் முதலியவை கவர்னரின் நிர்வாக சபை வசமும் நின்றன. 1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் இவர் கட்சி வென்றதும், கவர்னர் வெல்லிங்டன் பிரபு இவரையே முதன் மந்திரியாக அழைத்தார். இவரோ அதனை ஏலாது, சுப்பராயலு ரெட்டியாரை முன்னிறுத்தினார். தாம் கட்சித் தலைமையிலேயே நின்றார்.

இங்கு நமக்கு அமெரிக்க நாட்டின் முதற் ஜனாதிபதியாகிய வாஷிங்டன் நினைவுக்கு வருகின்றார். இரண்டு தவணை ஆண்டபின், 1797-இல் அவர் தாமே விலகினார். அந்நாளில் அதற்கு வற்புறுத்தும் சட்டம் ஏதுமில்லை. அவர் ஒழுக்கமே பின்னோர்க்கு வழக்கமாகி, நெடுங்காலத்திற்குப் பின் 1951-இல் சட்டமாயிற்று.

தியாகராயர் பால் குறை காண்பாரும் உளர். அவர் கட்சி ஆங்கில ஆட்சியோடு ஒத்துப்போயிற்று. ஒத்துழையாமை இயக்கத்தை எதிர்த்தது. அன்று வாக்குரிமையும் சொத்துடைய சிலர்க்கே இருந்தது. ஆதலின் அவ்வெற்றியை மக்கள் அனைவரின் தீர்ப்பெனக் கூறல் பொருந்தாது. இவற்றை மறைத்துப் புகழ்தல் மாணவர்க்கு அழகன்று. எனினும் கைக்கெட்டிய பதவியைப் பிறர்க்கு ஈந்தமையும், தெருவிளக்கும் குடிநீரும் பள்ளியும் ஆராயும் சபையில் நாற்பதாண்டு உழைத்தமையும் மறுக்கவொண்ணா உண்மைகள்.

1925-இல் அவர் மறைந்தார். தியாகராய நகரும், பழைய வண்ணாரப்பேட்டையில் 1950-இல் எழுந்த கல்லூரியும் அவர் பெயரைத் தாங்குகின்றன. குடியாட்சி தலைநகர் மாளிகைகளில் மட்டும் வாழ்வதன்று. நம் வட்டத்துக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலும் அது நம் கையில் நிற்கின்றது. அந்நாளை நாம் அற்பமாகக் கருதாதிருப்போமாக.