டால்ஃபினைப் போருக்கு அனுப்பாத கிளார்க்

அமெரிக்கக் கடற்படையில் டால்ஃபின்கள் வேலை பார்க்கின்றன என்று சொன்னால் பாதிப் பேர் வாட்ஸ்அப் வதந்தி என்று நினைப்பீங்க. உண்மைதான். 1960-ல் நாட்டி என்ற ஒரே ஒரு டால்ஃபினோடு ஆரம்பித்த திட்டம் அது. தண்ணீரில் இவ்வளவு வழுக்கிக்கொண்டு போகும் உடம்பின் ரகசியம் கிடைத்தால் டார்பிடோவை இன்னும் வேகமாக விடலாமே என்பதுதான் முதல் யோசனை. பிறகு கவனம் அதன் காது பக்கம் திரும்பியது. கடலடியில் மண்ணுக்குள் புதைந்த கண்ணிவெடியைக்கூட ஒரு டால்ஃபின் தன் 'க்ளிக்' சத்தத்தின் எதிரொலியை வைத்துக் கண்டுபிடித்துவிடும். அந்த க்ளிக் 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே போகும், நம்ம காது 20-லேயே நின்றுவிடும். சோனார் பாடம் படித்தவர்களுக்கு இதில் பொறாமையே வரும். இன்னைக்கும் சான் டியாகோவில் இந்தத் திட்டம் ஓடுகிறது.

இதே விஷயத்தைக் கதையாக எழுதியவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் நமக்கு ரொம்பப் பக்கத்தில், ராமேஸ்வரத்துக்கு அந்தக் கரையில், ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். ஆர்தர் சி. கிளார்க். '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' எழுதியவர், சாட்டிலைட் தாத்தா என்ற அளவில்தான் நமக்கு அவரைத் தெரியும். அவருடைய கடல் பக்கத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பிடிக்கும். எங்க ஊர் கன்னிவாடி, அதிகபட்சம் நான் பார்த்து வளர்ந்த தண்ணீர் ஆத்தூர் காமராஜர் அணை. அதனாலயோ என்னவோ.

1917 டிசம்பர் 16-ல் இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில், மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். 13 வயசில் அப்பா இறந்துவிட்டார், அம்மாதான் பண்ணையைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தார். பையன் பழைய சாமான்களை வைத்து டெலஸ்கோப் செய்து நிலாவுக்கு மேப் வரைந்துகொண்டிருந்தான். காலேஜுக்கு அனுப்பக் காசில்லை. லண்டனில் அரசாங்கத் தணிக்கை வேலை. கணக்குப் பார்த்த நேரம் போக, ராக்கெட் பைத்தியங்கள் கூடிய பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டியில் கிடையாகக் கிடந்தார்.

அப்புறம் யுத்தம் வந்தது. 1941-ல் ராயல் ஏர் ஃபோர்ஸில் சேர்ந்தார். கையில் கொடுத்தது துப்பாக்கி இல்லை, ரேடார். ஜி.சி.ஏ. என்று ஒரு சிஸ்டம். மூடுபனியில் ரன்வே தெரியாமல் தவிக்கும் விமானத்தைத் தரையிலிருந்து ரேடாரில் பார்த்து, ரேடியோவில் பைலட்டிடம் பேசிப் பேசி இறக்குவது. இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்க. போருக்காகப் பிறந்த கருவிதான், ஆனா அதன் வேலை ஆளைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவது. கிளார்க்குக்குப் போர்த் தொழில்நுட்பத்தோடு இருந்த நேரடி உறவு இவ்வளவுதான். தொழில்நுட்பம் கடைசியில் நல்லதுக்குத்தான் போகும் என்று சாகும்வரை அவர் நம்பியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அணுகுண்டு டீமில் வேலை பார்த்திருந்தால் வேறு மாதிரிக் கதைகள் எழுதியிருப்பாரோ!

1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் அவருடைய அந்தப் பிரபலமான கட்டுரை வந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுக்க சிக்னல் அனுப்பலாம். நம்ம சேட்டிலைட் கம்யூனிகேஷன் பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வியாக வருகிற விஷயம், விளக்கத் தேவையில்லை. அதற்குப் பிறகுதான் அவர் காலேஜுக்கே போனார். 1948-ல் லண்டன் கிங்ஸ் காலேஜில் கணக்கிலும் இயற்பியலிலும் முதல் வகுப்பு.

விண்வெளிக்குப் போக முடியாதவர் கடலுக்குள் இறங்கினார். தண்ணிக்குள்ள எடை தெரியாமல் மிதப்பதுதான் அவருக்குக் கிடைத்த விண்வெளி. 1954 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கிப் பார்த்தார். பிடித்துப்போச்சு. 1956-ல் இலங்கைக்கே குடிவந்துவிட்டார், கடைசி வரை அதுதான் வீடு.

வந்த வருஷமே திருகோணமலை. ஞானசம்பந்தர் பாடிய கோணேஸ்வரம் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் போர்த்துகீசியர்கள் இடித்து, கற்களைச் சுவாமி மலையின் செங்குத்தான பாறையிலிருந்து கடலில் தள்ளினார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் அவை அடியிலேயே கிடந்தன. கிளார்க்கும் அவருடைய டைவிங் கூட்டாளி மைக் வில்சனும் அங்கே மூழ்கி, செதுக்கிய தூண்களையும் கற்களையும் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். கடலடியிலிருந்து எடுத்த லிங்கம் கோயிலுக்கே திரும்பியது. 1957-ல் வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்' புத்தகத்தில் இந்தக் கதை இருக்கு. ஒரு பாடல் பெற்ற தலத்தின் சிதிலங்களை முதலில் படம் பிடித்தது கடவுள் நம்பிக்கை இல்லாத ஒரு வெள்ளைக்காரரின் டீம்.

இப்போ டால்ஃபினுக்கு வருவோம். கடற்படைத் திட்டம் தொடங்குவதற்கு முன்பே, 1954-ல், 'தி டீப் ரேஞ்ச்' என்று ஒரு சிறுகதை எழுதினார் கிளார்க். எதிர்காலத்தில் மனுஷங்க திமிங்கிலங்களை மந்தையாக மேய்க்கிறாங்க. மேய்ப்பவர் ஒரு குட்டி நீர்மூழ்கியில் சுற்றுகிறார், அவருக்குத் துணை பழக்கப்பட்ட ரெண்டு கடற்பன்றிகள், டால்ஃபினுக்குச் சொந்தக்கார இனம். சுறா வந்தால் அவை மோப்பம் பிடித்துக் காட்டும். எங்க பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுறவங்க நாய் வச்சிருப்பாங்க இல்ல, அதே உறவுதான். நாய்க்கு யாரும் சம்பளம் பேசுவதில்லை, ஆனா அது மந்தையை விட்டுப் போவதும் இல்லை. 1957-ல் இதையே நாவலாக விரித்தபோது, திமிங்கிலத்தைக் கொன்று தின்பதே சரியா என்று இலங்கையின் ஒரு பௌத்தத் துறவி கேள்வி எழுப்புகிற மாதிரிக் கதை போகும். இலங்கைக்கு வந்த பிறகு எழுதியது என்று நாவலைப் படித்தாலே தெரியும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் லில்லி என்ற நரம்பியல் டாக்டர் டால்ஃபின்களின் மூளையில் எலக்ட்ரோடு செருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரமே மனுஷன் அதோடு பேசிவிடலாம் என்று 1961-ல் 'மேன் அண்ட் டால்ஃபின்' புத்தகத்தில் எழுதினார். டால்ஃபின் மோகமே அதற்குப் பிறகுதான் கிளம்பியது. ராணுவம் இதை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்பதையும் லில்லியே அதில் யோசித்திருந்தார்.

1962 கிளார்க்குக்கு மோசமான வருஷம். உடம்பு திடீரென்று செயலிழந்து படுக்கையில் விழுந்தார். போலியோ. மாதக்கணக்கில் சிகிச்சை. அடுத்த வருஷம் ரெண்டு நாவல் வெளிவந்தன. ஒன்று தன் ரேடார் நாட்களை வைத்து எழுதிய 'கிளைட் பாத்'. இன்னொன்று 'டால்ஃபின் ஐலண்ட்'.

பசங்களுக்கான கதை என்று போட்டிருப்பார்கள், அதை நம்பித் தள்ளிவிடாதீங்க. ஜானி என்ற அனாதைப் பையன் திருட்டுத்தனமாக ஒரு கப்பலில் ஏறுகிறான், கப்பல் மூழ்குகிறது, டால்ஃபின்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போய் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு தீவில் சேர்க்கின்றன. அங்கே பேராசிரியர் கசான் அவற்றின் மொழியைப் படித்துக்கொண்டிருக்கிறார். சூசி, ஸ்புட்னிக் என்று ரெண்டு டால்ஃபின்கள். இதுவரைக்கும் சனிக்கிழமை கார்ட்டூன். பிறகு ஒரு திருப்பம். டால்ஃபின்கள் மனுஷங்ககிட்ட ஒரு கோரிக்கை வைக்கின்றன. எங்களைத் தின்னும் கில்லர் வேல்களிடமிருந்து காப்பாற்றுங்கள் என்று.

அதாவது இதில் ஆயுதம் கேட்டு வருவது டால்ஃபின் பக்கம். கசானுக்குத் தர்மசங்கடம். ஒரு இனத்துக்கு உதவ இன்னொரு இனத்தின் மேல் கை வைக்கலாமா? கில்லர் வேலும் கொடுமைக்காகவா கொல்கிறது, பசிக்குத்தானே. கடைசியில் ஸ்னோவி என்ற ஒரு கில்லர் வேலைப் பிடித்து, மூளையில் எலக்ட்ரோடு வைத்து, டால்ஃபினைத் தொடாதே என்று பழக்குகிறார்கள். பட்டனை அழுத்தினால் அது திரும்பும். கிளார்க் இதை ஒரு வெற்றியாகத்தான் எழுதியிருக்கார். எனக்கு அந்த அத்தியாயம்தான் உறுத்துகிறது. டால்ஃபினின் பேச்சைக் கேட்டவர்கள் ஸ்னோவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரிமோட்டில் திரும்பும் ஒரு வேட்டை மிருகம் என்றால் எந்தக் கடற்படையும் அடுத்த நாளே வாங்க வந்து நிற்கும், ஆனா நாவலில் அப்படி யாரும் வருவதே இல்லை. ரேடாரை விமானம் இறக்க மட்டும் பயன்படுத்திய மனுஷனுக்கு அது தோன்றாமல் போனதில் ஆச்சரியமில்லை.

நிஜத்தில் நடந்தது வேறு. 1965-ல் டஃபி என்ற டால்ஃபின் கலிபோர்னியா கடலடியில் சீலேப் 2 நிலையத்தில் தங்கியிருந்தவர்களுக்குக் கடிதமும் கருவிகளும் கொண்டுபோய்க் கொடுத்தது. கிளார்க் கதையிலிருந்து அப்படியே எழுந்து வந்த காட்சி. ஆனா 1970-71-ல் வியட்நாமின் காம் ரான் துறைமுகத்தில் டால்ஃபின்கள் காவல் நின்றன, எதிரி நீச்சல் வீரர்கள் கப்பலுக்கு வெடி வைக்காமல் பார்க்க. அந்த வீரர்களைக் கொல்லவும் பழக்கினார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு ரொம்ப நாளாக உண்டு, கடற்படை மறுத்தே வருகிறது. சோவியத் யூனியனும் கருங்கடலில் செவாஸ்டபோலில் இதையே செய்தது. கதைக்காரர்களும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். 1967-ல் ராபர்ட் மெர்ல் எழுதிய பிரெஞ்சு நாவல், 1973-ல் 'தி டே ஆஃப் தி டால்ஃபின்' என்று ஹாலிவுட் படமானது. அதில் டால்ஃபின்களைக் கடத்தி, ஜனாதிபதியின் படகுக்கு வெடி வைக்கப் பார்ப்பார்கள். 1981-ல் வில்லியம் கிப்சன் எழுதிய 'ஜானி நிமானிக்' கதையில் ஜோன்ஸ் என்ற டால்ஃபின் கடற்படையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனது, போதைக்கு அடிமை. வேலையில் பிடித்துவைக்கக் கடற்படையே பழக்கிவிட்ட போதை. டால்ஃபின் ஐலண்டின் ஜானியிலிருந்து இந்த ஜானிக்கு வர 18 வருஷம்தான் ஆச்சு.

கிளார்க்கின் மற்ற பெருமைகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1961-ன் கலிங்கா பரிசு அவருக்குத்தான், ஒடிசாவின் பிஜு பட்நாயக் கொடுத்த நிதியில் யுனெஸ்கோ வழங்குவது. 1968-ல் குப்ரிக்கோடு '2001'. 1975-ல் நம்ம நாடு சாட்டிலைட் மூலம் கிராமங்களுக்கு டிவி காட்டிய 'சைட்' பரிசோதனையின்போது கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தது. அப்போ இலங்கையில் டிவி ஒளிபரப்பே கிடையாது. 1979-ல் விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. அதே வருஷத்திலிருந்து 2002 வரை மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர், இலங்கையில் இன்ஜினியரிங் என்றால் முதலில் சொல்லும் பெயர் அது.

இதற்கிடையில் அவர் குடிவந்த தீவு பற்றி எரிய ஆரம்பித்தது. 1983-லிருந்து போர். அவர் மூழ்கித் தூண்களைப் பார்த்த திருகோணமலை கடற்படைத் தளமாகவும் போர்முனையாகவும் மாறியது. 1995 ஏப்ரல் 19-ல் அந்தத் துறைமுகத்துக்குள் கடற்புலிகளின் நீரடி வீரர்கள் நீந்தி வந்து ரெண்டு பீரங்கிப் படகுகளுக்கு வெடி வைத்து மூழ்கடித்தார்கள். சமாதானப் பேச்சு அன்றோடு முறிந்தது. காம் ரானில் டால்ஃபின்களை எந்த வேலைக்குக் காவல் வைத்தார்களோ, அதே வேலை. இங்கே அதைச் செய்தவர்கள் மனுஷங்க, பலர் நம்மைவிடச் சின்ன வயசு. கோணேஸ்வரத்தின் கற்கள் கிடந்த அதே ஊர்த் தண்ணீர். டால்ஃபினைச் சம்மதம் கேட்காமல் போருக்கு அனுப்புவது பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வரும்.

போலியோவின் பின்விளைவு 1980-களில் திரும்பி வந்து, கிளார்க் மெல்ல மெல்லச் சக்கர நாற்காலிக்குப் போனார். நடக்க முடியாதபோதும் தண்ணிக்குள் எடை இல்லை என்பதால் டைவிங்கை விடவில்லை. 2004 டிசம்பர் சுனாமியில் ஹிக்கடுவையில் இருந்த அவருடைய டைவிங் நிலையம் நாசமானது, அவர் கொழும்பில் இருந்ததால் தப்பித்தார்.

2007 டிசம்பரில் 90-வது பிறந்தநாளுக்கு ஒரு வீடியோவில் மூன்று ஆசைகளைச் சொன்னார். வேற்றுக்கிரக உயிர்களுக்கு ஆதாரம் கிடைக்கணும், மனுஷன் எண்ணெயை விட்டு சுத்தமான எரிசக்திக்கு வரணும், தான் வாழும் இலங்கைக்குச் சமாதானம் வரணும். 2008 மார்ச் 19-ல் கொழும்பில் இறந்தார். அவர் கேட்டுக்கொண்டபடி எந்த மதச் சடங்கும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். போர் முடிய இன்னும் 14 மாதம் இருந்தது, அது முடிந்த விதத்தையும் அவர் பார்க்கவில்லை.

'டால்ஃபின் ஐலண்ட்' சின்னப் புத்தகம்தான், ஒரு பஸ் பயணத்தில் முடித்துவிடலாம். படித்தவர்கள் ஸ்னோவி பற்றி என்ன நினைக்கிறீங்க என்று நம்ம ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்க.