நாடிழந்தோரின் நண்பர் நான்சென்

நார்வே நாட்டில், இன்றைய ஆஸ்லோ நகரின் அருகே 1861-ஆம் ஆண்டு பிறந்தவர் ஃபிரிட்யோஃப் நான்சென். 1888-இல் பனிச்சறுக்குக் கட்டைகளில் கிரீன்லாந்தைக் கடந்து புகழ் பெற்றார். பின்னர் 'ஃபிராம்' என்னும் கப்பலில் வடதுருவத்தை நாடிச் சென்று, மூன்று ஆண்டுகள் உறைபனியோடு போராடினார். ஆயினும் அவருடைய அரும்பெரும் பணி முதுமையை நெருங்கும் வேளையில்தான் தொடங்கியது.

முதல் உலகப் போரும் ரஷ்யப் புரட்சியும் பல இலட்சம் மக்களை அகதிகளாக்கின. வெளியேறிய ரஷ்யரின் குடியுரிமையை 1921-இல் சோவியத் அரசு பறித்தது. இவர்களை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று நாடுகள் வாதிட்டன. சான்றுத்தாள் இல்லாதவர்க்கோ எல்லையைக் கடக்க வழியில்லை. தங்கிய இடத்திலும் நிம்மதியில்லை.

சர்வதேச சங்கம் அதே ஆண்டில் நான்செனை அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமித்தது. வாதம் முடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. 1922-இல் ஜெனீவாவில் அரசுகளைக் கூட்டி, அகதியின் அடையாளம் காட்டும் சான்றிதழ் ஒன்றை ஏற்கச் செய்தார். 'நான்சென் பாஸ்போர்ட்' எனப்பட்ட அதை நாளடைவில் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன. இசைமேதை ஸ்ட்ராவின்ஸ்கியும் ஓவியர் ஷகாலும் அதைப் பெற்றவர்களே. அகதியை ஏற்கும்படி அது எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 'யாரோ' என்று ஒதுக்கப்பட்டவர்க்கு மீண்டும் ஒரு பெயரைத் தந்தது.

அவ்வாண்டே நோபல் சமாதானப் பரிசு பெற்ற அவர், அப்பணத்தையும் துயர்துடைக்கும் பணிக்கே வழங்கினார். 1930-இல் மறைந்தார்.

மாணவியரே! அந்த வாதம் இன்றும் ஓயவில்லை. வாசலில் நிற்பவரின் பெயரை முதலில் கேட்கும் பண்பை நான்செனிடம் கற்போமாக!