சவர்க்காரத்தின் மறைபொருள் கண்ட ஷெவ்ரூல்

நாடோறும் கையாளும் பொருள்களின் இயல்பை ஆராயப் புகுவார் மிகச் சிலரே. கொழுப்பையும் காரத்தையும் கூட்டிக் காய்ச்சினால் அழுக்கைப் போக்கும் சவர்க்காரம் கிடைக்குமென்பதை மக்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருந்தனர்; எனினும், கொப்பரையினுள் நிகழ்வது யாதெனத் தெளிந்தாரிலர். கொழுப்பு தன் இயல்பு மாறாமலே காரத்தோடு கூடுகின்றதென்று பலரும் எண்ணியிருந்தனர். இம்மயக்கத்தை ஒழித்த பெரியார், பிரெஞ்சு இரசாயன அறிஞராகிய மிஷேல் யூஜீன் ஷெவ்ரூல் ஆவர்.

இவர் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஆன்ஷே நகரில் ஒரு மருத்துவரின் மைந்தராய்ப் பிறந்தார். 1803இல் பாரிஸ் மாநகர் அடைந்து, வோக்லென் என்னும் பேராசிரியரிடம் மாணவராய் அமர்ந்தார்.

1811ஆம் ஆண்டையொட்டிப் பன்றிக் கொழுப்பினாலாய சவர்க்காரமொன்றை ஆராயும் வாய்ப்பு இவர்க்கு நேர்ந்தது. அதனை நீரிற் கலக்கியபோது, முத்துப்போல் ஒளிரும் பொருளொன்று கீழே படிந்தது. அதன்மேல் அமிலத்தை இட, பழைய கொழுப்பு மீளவில்லை. புதியதோர் கொழுப்பமிலமே வெளிப்பட்டது. இச்சிறு வியப்பே பன்னிரண்டு ஆண்டு உழைப்புக்கு வித்தாயிற்று. கிடைத்த அமிலங்களைச் சாராயத்திற் கரைத்துப் பன்முறை படியச் செய்து, உருகும் வெப்பநிலை மேலும் மாறாத வரையில் தூய்மை செய்தார். அங்ஙனம் ஸ்டியரிக், ஒலியிக், பியூட்டிரிக் முதலிய அமிலங்களைப் பிரித்துப் பெயரிட்டார்.

கொழுப்பென்பது அமிலங்களும் கிளிசரினும் இணைந்தது. காரம் அவ்விணைப்பைப் பிரித்து அமிலத்தோடு கூடுவதே சவர்க்காரம் என்பது இவர் கண்ட உண்மை. பிரிந்த அமிலத்தையும் கிளிசரினையும் சேர்த்து நிறுத்தபோது, அவை முதற்கொழுப்பினும் எடை மிகுந்திருந்தன. பிரியுங்கால் நீரும் உட்சேர்கின்றதென்பதை இதனால் உணர்ந்தார். இவற்றையெல்லாம் 1823இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். இவர் மார்கரிக் எனப் பெயரிட்ட அமிலம் இரண்டு அமிலங்களின் கலவையே எனப் பின்னையோர் கண்டனர். ஆயினும், இவர் வகுத்த நெறி நிலைபெற்றது. சவர்க்காரத் துகளின் ஒருமுனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் நாடுதலால் அழுக்கு நீங்குகின்றதென்னும் பிற்கால விளக்கமும் இவர் இட்ட அடிப்படைமேல் எழுந்ததே.

ஆராய்ச்சியின் பயன் ஏழையர் இல்லங்களுக்கும் எட்டியது. விலங்குக் கொழுப்பாலாய பழைய விளக்குத்திரிகள் புகைந்து நாறின. 1825இல் இவரும் கே-லுசாக்கும் கொழுப்பமிலங்களால் மெழுகுவர்த்தி செய்ய உரிமை பெற்றனர். அத்தொழில் அவர்க்குப் பொருள் தரவில்லை. சில ஆண்டுகளுக்குப்பின் தெ மில்லி என்பார் முறையைத் திருத்தி வெற்றி கண்டார். விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் மற்றொருவர்! எனினும் ஷெவ்ரூல் ஆராய்ச்சியிற் சோர்ந்தாரல்லர்.

1824 முதல் கொபெலின் அரசாங்க நெசவுச்சாலையின் சாயப்பகுதிக்குத் தலைவராயிருந்தார். கறுப்புச் சாயம் மங்குகின்றதென்ற குறைக்குக் காரணம் சாயமன்று, அருகிலுள்ள நிறங்களே எனக் கண்டு, 1839இல் நிறங்களின் மாறுபாட்டைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். அது ஓவியர் பலர்க்கும் வழிகாட்டியாயிற்று. 1857இல் இலண்டன் ராயல் சொசைட்டி இவர்க்குக் காப்ளி பதக்கம் அளித்தது.

1886இல் இவரது நூற்றாண்டு விழாவைப் பிரான்சு கொண்டாடியது. ஈஃபில் கோபுரத்திற் பொறிக்கப்பெற்ற எழுபத்திரண்டு அறிஞர் பெயர்களுள் இவர் பெயரும் ஒன்று. அக்கோபுரம் 1889 மார்ச்சு 31இல் திறக்கப்பெற்றது. ஏப்ரல் 9இல், தம் 102ஆம் வயதில், இவர் இம்மண்ணுலகை நீத்தார்.

இத்துணைப் புகழெய்திய இவர், தம்மைப் பிரான்சின் மாணவருள் மூத்தவரென்றே கூறிக்கொள்வாராம். பட்டம் பெற்றவுடன் கல்வி முடிந்ததென்று கருதும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எளிய பொருளை இகழாமலும், ஐயம் அகலும்வரை அயராமலும் ஆராய்பவரே என்றும் மாணவர். அம்மாணவ நிலையை நாம் இழவாதிருப்போமாக.