பறவைகளின் மீது விழுந்த ஐயம்

மார்கழிக் காலையொன்றில் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றிருந்தேன். நீர் சூழ்ந்த மரங்களில் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் நிறைந்திருந்தன. குழந்தையுடன் வந்திருந்த ஒருவர், தொலைதேசத்துப் பறவைகள் நோயையும் சுமந்துவருமே என்று கவலைப்பட்டார். எனக்கு சாலிம் அலியின் நினைவு வந்தது. இதே கேள்வியை அவர் தமது அறுபதுகளில் எதிர்கொண்டார்.

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று மும்பையில் பிறந்த அவர், சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது அவர் சுட்டு வீழ்த்திய மஞ்சள் தொண்டைக் குருவி, அது இன்னதென்று அறியும் ஆவலில் அவரை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அழைத்துச் சென்றது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் வேலைவாய்ப்பு கைநழுவியபோதும் மனம் தளராமல், பெர்லின் சென்று பறவையியல் பயின்றார். 1941-இல் வெளிவந்த அவரது இந்தியப் பறவைகள் நூல், ஒரு தலைமுறையையே வானை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

1957-இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன; மனிதர்களும் காய்ச்சலில் மாண்டனர். நோயைப் பரப்பியவை உண்ணிகள். பிரித்தெடுக்கப்பட்ட வைரஸ், ரஷ்யாவில் உண்ணிகளால் பரவும் மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவு எனத் தெரிந்ததும், சைபீரியப் பறவைகள் மீது ஐயம் விழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் ஆய்வைத் தொடங்கியது. பறவைகளை வலையில் பிடித்து, உடலில் ஒட்டிய உண்ணிகளைச் சேகரித்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விடுவிக்கும் பணிக்கு சாலிம் அலி தலைமையேற்றார். பறவைகளை நேசித்தவர், அவற்றுக்காக வாதாடாமல் அவற்றைச் சோதனைக்கு உட்படுத்தினார். அதையே அவரது பெருமையாகக் கருதுகிறேன்.

பின்னாளில் இப்பணிக்கு அமெரிக்க ராணுவத்தின் நிதி வந்தது குறித்துக் கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. அறிவியலுக்குப் பணம் தருபவர் யார் என்று கேட்பது மக்களின் உரிமை.

அன்றைய ஆய்வாளர்களிடம் இருந்தவை நுண்ணோக்கியும் பொறுமையும்தான். பறவைகளின் மேல் ஒட்டியிருப்பவை பெரும்பாலும் கடுகினும் சிறிய இளம் உண்ணிகள். உருவத்தைக் கொண்டு இனம் பிரிப்பது கடினம். இன்று உண்ணியின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுத் துண்டு ஒன்றைப் படித்தாலே இனம் தெரிந்துவிடும். தாய்வழி வரும் அந்த எழுத்துகளில் காலப்போக்கில் பிழைகள் சேர்கின்றன. இரண்டு உண்ணிகளுக்கிடையே வேறுபாடுகள் குறைவாயின் உறவு நெருக்கம். மிகுந்திருப்பின் அவை பிரிந்து நெடுங்காலம் ஆயிற்று என்று பொருள். இவ்வாறு உண்ணிகளுக்கும் குலமரபு வரைய முடிகிறது.

வைரஸின் மரபணுவும் இவ்வாறே படிக்கப்பட்டது. கியாசனூர் வைரஸின் மிக நெருங்கிய உறவு சைபீரியாவில் இல்லை; 1990-களில் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட அல்குர்மா வைரஸே அது. சைபீரியப் பறவைகள் அண்மையில் கொண்டுவந்து இறக்கிய நோய் என்ற எளிய கதை நிலைக்கவில்லை. ஆனால், அந்த ஐயம் தொடங்கிவைத்த வளையப் பணி கோடியக்கரை முதலிய இடங்களில் தொடர்ந்து, பறவைகள் எங்கிருந்து வந்து எங்கே செல்கின்றன என்ற அறிவை நமக்கு அளித்தது.

சாலிம் அலி 1987 ஜூன் 20 அன்று மறைந்தார். மாமல்லபுரம் சாலையில் முட்டுக்காட்டிலும் கோவளம் முகத்துவாரத்திலும் குளிர்காலந்தோறும் உள்ளான்கள் இறங்குகின்றன. அவற்றின் மேலுள்ள உண்ணிகளையும் தொடர்ந்து சேகரித்து மரபணுவைப் படிக்கும் ஏற்பாடு இக்கரைக்கு வேண்டும். நோய்ச் செய்தி வரும்போதெல்லாம் பறவைகளைப் பழிப்பதற்கும், அவை மாசற்றவை என்று உருகுவதற்கும் அதுவே மாற்று.

பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அறிந்து தலைமுறைகளாக அவற்றைக் காத்த ஊர் வேடந்தாங்கல். அந்த மனிதரிடம், உங்கள் கேள்வி நியாயமானது, ஒரு பெரியவர் அதை நமக்காகவே கேட்டுவைத்திருக்கிறார் என்றேன். அவர் குழந்தையைத் தூக்கி, மரங்களைக் காட்டத் தொடங்கினார்.