மண்ணின் அசைவை அளந்தவர்

பல்லாவரம், தாம்பரம் பகுதிகளில் சார்னோக்கைட் என்னும் கடும்பாறை நிலத்தைத் தாங்கி நிற்கிறது. அருகிலுள்ள பள்ளிக்கரணையிலோ சதுப்பும் ஈரக் களிமண்ணும் பரந்துள்ளன. இவ்வாறு நிலம் இடத்துக்கிடம் மாறும் சென்னையில் மெட்ரோ இரயிலுக்குச் சுரங்கம் குடைவோர் முதலில் எழுப்பும் வினா ஒன்று உண்டு. மேலே நிற்கும் வீடுகள் எவ்வளவு அமிழும் என்பதே அது. இவ்வினாவுக்கு ஊகத்தால் அன்றி, அளந்து விடை காணும் வழியை வகுத்தவருள் முதன்மையானவர் கார்ல் டெர்சாகி.

இளமையும் தேடலும்

டெர்சாகி 1883 அக்டோபர் 2 அன்று பிராகா நகரில் பிறந்தார். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இயந்திரப் பொறியியல் பயின்று கட்டுமானப் பணிகளில் ஈடுபட்டார். எஃகின் வலிமையைத் துல்லியமாகக் கணக்கிட்ட அக்காலப் பொறியாளர்கள், அதனைத் தாங்கும் மண்ணின் வலிமையை அனுபவத்தால் மட்டுமே மதிப்பிட்டனர். இக்குறை அவரை உறுத்தியது. 1912இல் அமெரிக்கா சென்று பல அணைப் பணிகளைக் கண்டு தகவல் திரட்டினார். ஆயினும் பொதுவிதி எதுவும் புலப்படவில்லை, ஏமாற்றத்துடன் திரும்பினார்.

எளிய கருவி, அரிய உண்மை

1916இல் இசுதான்புல்லில் ஆசிரியப் பணி ஏற்றார். போதிய கருவிகள் இல்லாததால், கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டே சோதனைகள் செய்தார். களிமண்ணின் மீது சுமை ஏறும்போது துகள்களுக்கு இடையிலுள்ள நீர் அதன் ஒரு பகுதியைத் தாங்குகிறது. அந்நீர் மெல்ல வெளியேறும்போது சுமை துகள்கள்மீது இறங்குகிறது, மண் சுருங்குகிறது. இன்று எழுப்பிய கட்டடம் பல ஆண்டுகள் கழித்தும் அமிழ்வதன் காரணம் இதுவே. இவ்வுண்மைகளை விளக்கிய அவரது நூல் 1925இல் வெளிவந்தது. மண் இயக்கவியல் தனித்துறையாக மலர்ந்தது.

சிகாகோவின் சோதனை

1938இல் சிகாகோவில் சுரங்க இரயில் பணி தொடங்கியது. மேலே உயர்ந்த கட்டடங்கள், கீழே மென்களிமண். தோண்டத் தோண்டச் சுற்றிலுமுள்ள களிமண் சுரங்கத்தை நோக்கி மெல்ல நகரும், அதற்கு ஈடாகத் தெரு தாழும், சுவர்கள் விரிசலுறும். ஆலோசகராக வந்த டெர்சாகி, இளம் பொறியாளர் ரால்ப் பெக்கின் துணையுடன் மண் மாதிரிகளைச் சோதித்தார். சுரங்கத்துள்ளும் தெருவிலும் அசைவுகளை இடைவிடாது அளக்கச் செய்தார். அளவுகள் காட்டிய வழியில் தோண்டும் முறைகள் திருத்தப்பட்டன. 1943இல் ஸ்டேட் தெருவின் அடியில் இரயில் ஓடத் தொடங்கியது.

வழிவழி வரும் பயன்

டெர்சாகி 1963 அக்டோபர் 25 அன்று மறைந்தார். சுரங்கத்தின் மேல் நிலம் தாழும் வடிவம் கவிழ்த்த மணியைத் தலைகீழாக்கியது போன்றது என்பதைப் பெக் 1969இல் பல நகரங்களின் அளவீடுகளைக் கொண்டு விளக்கினார். சுரங்கம் குடையும் முன்பே எந்த வீடு எவ்வளவு அமிழக்கூடும் எனக் கணிப்பதும், இருக்கும் விரிசல்களைக் குறித்துக்கொள்வதும், பணியின்போது கருவிகளால் கண்காணிப்பதும் இன்று உலகெங்கும் உள்ள நடைமுறை.

மண்ணை முழுதும் அறிந்துவிட்டதாக டெர்சாகி ஒருபோதும் கருதவில்லை. தம் கணிப்பு பிழையாகலாம் என ஏற்று, பிழையை உரிய நேரத்தில் காட்டும் அளவீட்டை நாடினார். நம் காலடியில் சுரங்கம் செல்லும்போதும் வீடுகள் நிலைத்து நிற்பதற்கு அறிவோடு இவ்வடக்கமும் துணையாகிறது.